பாறைக்கு முதுகைக் காட்டுங்கள்

போன வாரம் காந்திபுரம் ஆபீஸில் உங்கள் நான்கு பேரையும் பார்த்தேன். புது டீ-ஷர்ட், கழுத்தில் புது விசில், முகத்தில் கொஞ்சம் பயம், நிறைய ஆசை. உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "சார், நம்ம வேலையில ரொம்பக் கஷ்டமான கஸ்டமர் யாருங்க? நீச்சலே தெரியாதவங்களா?" அப்போது நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதில் இதுதான். நீச்சல் தெரியாதவர்களால் எனக்கு ஒருநாளும் பெரிய தொல்லை வந்ததில்லை. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டு என்றால் மூச்சு முட்டுகிற அளவுக்குக் கட்டிக்கொள்வார்கள். பக்கத்திலேயே இரு என்றால் ஒட்டிக்கொண்டு வருவார்கள். எனக்குத் தொல்லை கொடுத்தவர்கள் எல்லாம் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். அதிலும் நம் ஊர்ப் பக்கம் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். நான் சூலூர்க்காரன். இந்தக் கம்பெனிக்கு வேன் ஓட்டத்தான் வந்தேன். காந்திபுரத்தில் ஆட்களை ஏற்றி, பல்லடத்தில் இன்னும் நாலு பேரை ஏற்றி, விடிகாலையில் குமரிக் கரையில் இறக்கிவிடுவேன். அவர்கள் கயாக் என்கிற ஒற்றையாள் படகில் துடுப்புப் போட்டுப் பாறை ஓரமாக மீன் பிடித்துவிட்டு வரும்வரை வேனில் காலை நீட்டிப் படுத்திருப்பேன். ஒரு சீசனில் வழிகாட்டி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். "உங்களுக்குத்தான் நல்லா நீச்சல் தெரியுமுங்களே" என்று முதலாளி என்னைத் தண்ணீரில் இறக்கிவிட்டார். அப்போது எனக்கு நாற்பத்துநான்கு வயது. கடலே இல்லாத ஊரில் கடல் வழிகாட்டியா என்று என் மச்சான் இன்றைக்கும் கிண்டல் செய்வான்.

கடலை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அந்த ஊர் மீனவர், நம் பயணங்களுக்குத் துணையாக வருகிறவர். பேசுவது குறைவு, முறைப்பது அதிகம். மூன்றாவது வாரமே அவரிடம் நான் மாட்டிக்கொண்டேன். பாறை ஓரத்தில் தூண்டிலைச் சிக்கெடுக்கிறேன் என்று ஒரு பக்கமாகச் சாய்ந்தேன், கயாக் கவிழ்ந்துவிட்டது. பயமே இல்லை எனக்கு. இருபதடியில் பாறை இருக்கிறது, கைக்கு எட்டும் உயரத்தில் படி மாதிரி ஒரு விளிம்பும் இருக்கிறது. நாலு வீச்சில் போய் ஏறிவிடலாம் என்று அதை நோக்கி நீந்தினேன்.

"அண்ணாச்சி, வெளிய வாங்க. வெளிய" என்று கடல் பக்கத்திலிருந்து அவர் கத்தியது கேட்டது. இந்த ஆளுக்கு என்ன கிறுக்கா, ஏறுவதற்குக் கல் இங்கே இருக்கும்போது நடுக்கடலுக்குக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். விளிம்பில் கை வைத்தேன். அடுத்த நொடி என் அடியில் இருந்த தண்ணீர் ஓர் ஆள் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. நான் அந்தரத்தில் தொங்கினேன். பிறகு அலை திரும்பி வந்து என்னைப் பாறையோடு சேர்த்து அடித்தது. அந்தப் பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் ஒவ்வொன்றும் ஒரு பிளேடு. இடது தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அடித்த அலையே என்னைப் பெயர்த்து வெளியே இழுத்தும் போட்டது, அதிர்ஷ்டம்தான்.

கரையில் அவர் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார்: "நல்லாத்தான் நீந்துறீங்க. பொறவு எதுக்கு அண்ணாச்சி பாறையப் பாத்துப் போனீங்க?"

"எங்கூருக் கெணத்துல அப்படித்தானுங்க. உழுந்தா சுவத்தப் பாத்துத்தான் போவோம்."

"கெணத்துல அலை உண்டுமா?"

யோசித்துப் பாருங்கள். நம் பக்கம் குழந்தைக்கு நீச்சல் பழக்குகிறவர்கள் முதலில் சொல்வதே "சுவத்தப் புடிச்சுக்க கண்ணு" என்பதுதான். மூச்சு வாங்கினால் சுவர், கால் இழுத்தால் சுவர், ஏறுவதற்குச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படி. ஐந்து வயதில் உடம்புக்குள் போன பாடம் அது. மண்டைக்குக் கேட்காமலேயே கையும் காலும் அதைச் செய்துவிடும். கடல் இதற்கு நேர் எதிர். அலை அடிக்கிற பாறையில்தான் சாவு இருக்கிறது. வெறும் தண்ணீராகத் தெரிகிற வெளிப்பக்கத்தில் ஜாக்கெட் போட்டவன் மணிக்கணக்காக மிதக்கலாம்.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். "வெள்ளத் தண்ணிக்குள்ள ஒருத்தரு மாட்டினா நீங்க உள்ள போவப்பிடாது. போனா, நாங்க ரெண்டு பேரத் தேடணும்." வெள்ளைத் தண்ணீர் என்று அவர் சொன்னது பாறையில் அலை உடைந்து நுரைக்கிற இடத்தை.

சரி, இவ்வளவு பெரிய பாடம் கற்ற நான் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த வாரம் வந்த ஆட்களிடமே தொடையைக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பல்லடம் ரோட்டில் டூவீலரில் இருந்து விழுந்துவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். வீட்டுக்காரி என் வண்டிச் சாவியைப் பிடுங்கி அரிசிப் பானையில் ஒளித்து வைத்தாள். கம்பெனியிலும் அதே பொய்தான். கடல் வழிகாட்டி மூன்றாவது வாரமே கடலில் அடிபட்டான் என்றால் மானம் போய்விடும் அல்லவா. வந்தவர்களிடம் ஜாக்கெட் பற்றிச் சொல்வேன், துடுப்புப் பற்றிச் சொல்வேன், மூன்று விசில் அடித்தால் என்னிடம் வாருங்கள் என்பேன். பாறையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். இப்படி மூன்று வருடம் ஓட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத வருடங்கள்தான் இந்த வேலையில் நம்மை முட்டாளாக்குகின்றன.

அப்புறம் துளசிமணியம்மா வந்தார்கள்.

பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கிற அம்மா. நாற்பத்தெட்டு வயது. கணவர் சென்னியப்பன். இரண்டு பேரும் கல்யாணமான நாளில் இருந்து ஒரே தறிக்குடோனில் நின்று வேலை செய்தவர்கள். வேனில் ஏறியதும் அம்மா என்னிடம் வந்தார்கள்.

"ஏனுங்ணா, எனக்கு நீச்சல் நல்லாத் தெரியுமுங்க. எங்கப்பனூட்டுக் கெணத்துல மோட்டார் ரூம்பு மேல இருந்து குதிப்பனுங்க. பெரிய மீனா ஒண்ணு என்ற கையால புடிக்கோணும். அதுக்குத்தான் வாரேன்."

"அண்ணனுக்குங்க?" என்று சென்னியப்பனைக் காட்டிக் கேட்டேன்.

"அவருங்களா? கெணத்து மேட்டுல நின்னு எட்டிப் பாத்தாலே கண்ணக் கட்டுமுங்க அவருக்கு. கல்யாணமாகி இத்தன வருசத்துல எங்கூட்டுக் கெணத்துல கால் நனைச்சதில்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க வாராரு?"

சென்னியப்பனே பதில் சொன்னார். "இவள ஒத்தையில உட மாட்டனுங்க."

அவ்வளவுதான் அவர் பேச்சு. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்: அந்தம்மாவைப் பற்றிக் கவலை இல்லை, இந்த மனுஷனைத்தான் மூட்டை மாதிரிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பாருங்கள், ஆளை எடை போடுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று.

வழியில் டீக்கடையில் வேனை நிறுத்தினேன். கிளம்பும்போது துளசிமணியம்மாவைப் பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. சென்னியப்பன் போய்த் தோளைத் தொட்டதும்தான் திரும்பினார்கள். பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. கரைக்குப் போனதும் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். மூன்று விசில் அடித்தால் என்னிடம் வரவேண்டும், புரிந்ததா என்று கேட்டேன். "சரிங்க, சரிங்க" என்று அழகாகத் தலையாட்டினார்கள். நம் ஊர்க்காரர்களின் "சரிங்க" இருக்கிறதே, அது மரியாதை. கேட்டது, புரிந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. எதிரில் இருப்பவர் மனம் நோகக்கூடாது என்று காதில் விழாததற்கும் சரிங்க என்போம். நானும் அதே ஊர்தான், நானும் அப்படித்தான் சொல்வேன். அது தெரிந்தும் அந்தச் சரிங்கவை நம்பிக் கடலுக்குள் போனேன்.

அன்றைக்கு அந்த மீனவர் வரவில்லை. அவர்கள் ஊரில் கோயில் திருவிழா. மற்ற ஆட்களை இன்னொரு வழிகாட்டி குடாப் பக்கம் அழைத்துப் போய்விட்டார். வெளிப்பக்கம் இருக்கிற நண்டுப்பாறைக்கு நாங்கள் மூன்று பேர்தான் போனோம். கடல் பார்வைக்கு அமைதியாக இருந்தது. நீளமான அலைகள். நாலைந்து சின்னதாக வரும், பிறகு ஒன்று பெரியதாக எழும்பும்.

முதல் அரை மணியிலேயே துளசிமணியம்மாவின் தூண்டிலில் கலவா மீன் மாட்டியது. கலவா என்றால் தெரியுமே, மாட்டியதும் நேராகப் பாறைப் பொந்துக்குள் பாயும். "மாட்டிக்கிச்சுங்ணா" என்று அந்தம்மா கத்திக்கொண்டே தூண்டில் கோலை விடாமல் பிடிக்க, மீன் இழுக்க, கயாக் பாறைப் பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. நான் துடுப்புப் போட்டுக் கிட்டே போவதற்குள் அவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் விழுந்துவிட்டார்கள்.

மேலே வந்ததும் சிரித்தார்கள். "உழுந்துபோட்டனுங்ணா." பிறகு பாறையைப் பார்த்தார்கள். கிணற்றுப் படிக்கல் மாதிரியே ஒரு விளிம்பு. திரும்பி அதை நோக்கி நீந்த ஆரம்பித்தார்கள். என்ன நீச்சல் என்கிறீர்கள். நீளமான வீச்சு, தலை ஆடாமல், தண்ணீர் தெறிக்காமல். அவ்வளவு அழகாக ஒருவர் சாவை நோக்கி நீந்தி நான் பார்த்ததில்லை.

மூன்று விசில் அடித்தேன். திரும்பவில்லை. மறுபடி அடித்தேன். கத்தினேன். ஒரு அசைவும் இல்லை. அதற்குள் அவர்கள் கை விளிம்பைத் தொட்டுவிட்டது. தண்ணீர் இறங்கியது, தொங்கினார்கள், சறுக்கி விழுந்தார்கள், அலை தூக்கி மறுபடி பாறையில் சேர்த்தது. அது சின்ன அலை. மறுபடியும் அதே விளிம்பைப் பிடித்தார்கள். பெரியது வருவதற்கு இன்னும் இரண்டு அலைதான் இருந்தது.

என் கை என்னைக் கேட்காமலே துடுப்பைத் திருப்பிப் பாறையை நோக்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டது. போய்க் கையைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று உடம்பு துடிக்கிறது. அப்போதுதான் அந்த மீனவர் சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே போனால் என் கயாக்கே அந்தம்மாவின் மேல் போய் மோதும். வெளியே நீச்சல் தெரியாத சென்னியப்பன் தனியாக நிற்பார். துடுப்பைத் தண்ணீரில் எதிர்த்து ஊன்றி நின்றேன். இந்த வேலையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் எது என்று கேட்டால், அப்படி நின்றதுதான். பயந்துபோனேன் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சென்னியப்பன் கத்தவில்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஒரு கை கயாக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை காற்றில் ஏதேதோ எழுதுகிறது. மனைவியைப் பார்த்துக் கையால் பேசிக்கொண்டிருந்தார். அந்தம்மாதான் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அந்த நொடியில்தான் டீக்கடை, தலையாட்டல், விசில் எல்லாம் எனக்கு ஒன்றாக உறைத்தது.

"அம்மணிக்குக் காது கேக்காதுங்களா?"

"தறிச் சத்தத்துல போனதுங்க. பக்கத்துல நின்னு மூஞ்சியப் பாத்துப் பேசுனாத்தான் புரியுமுங்க. விசிலு சுத்தமாக் கேக்காது."

"நீங்க கையில சொன்னாப் புரியுமுங்களா?"

"குடோன்ல எல்லாம் கையிலதானுங்க பேசுவோம்."

"அப்ப சொல்லுங்க. பாறைய உட்டுப்போட்டு இங்க கடலுக்குள்ள வரச் சொல்லுங்க."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் அந்த மீனவரைப் பார்த்த அதே பார்வை. "ஏனுங்க, கல்லு அங்கதானுங்களே இருக்குது."

"அது கெணறு இல்லீங்க. அங்கயே இருந்தா அடுத்த அலைல அடிச்சுப்போடும். என்ற கால நானே அப்படித்தான் கிழிச்சுக்கிட்டேன். நம்புங்க."

மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை அங்கே, அந்த அவசரத்தில் அவரிடம் சொன்னேன். அதுதான் அவரை நம்ப வைத்தது என்று நினைக்கிறேன். அவர் கயாக்கைப் பிடித்திருந்த கையை எடுத்தார். அம்மா விழுந்ததிலிருந்து ஒரு நொடிகூட விடாமல் பிடித்திருந்த கை அது. நான் என் கயாக்கை அவருடையதோடு ஒட்டி நிறுத்தி, ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் என் மஞ்சள் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். இரண்டாவது சின்ன அலை அந்தம்மாவைப் பாறையில் இருந்து உரித்து, முகத்தை எங்கள் பக்கம் திருப்பிவிட்டது. மஞ்சளைப் பார்த்தார்கள். பிறகு கணவரைப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் இரண்டு முஷ்டியையும் தலைக்கு மேலே ஒன்றாகச் சேர்த்துப் பட்டென்று பிரித்தார். பிறகு ஒரு கையால் தன் நெஞ்சை நோக்கி வாரி இழுத்தார். மறுபடியும் அதையே செய்தார். முகம் அப்படியே கல் மாதிரி இருந்தது. பிற்பாடு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இழை அறுந்துவிட்டது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடனே வா. தறிக்குடோனில் அந்தக் கையைப் பார்த்தால் யாரும் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஒரு நிமிடம் தாமதித்தால் துணி முழுக்க வீணாகிவிடும்.

துளசிமணியம்மா மறுபடி பாறையைப் பிடிக்கவில்லை. கால் விளிம்பில் பட்ட நிலையில் இருந்து உந்திக் கடல் பக்கம் பாய்ந்தார்கள். ஐந்து வயதில் உடம்பில் ஏறிய பாடத்தை, கணவர் கை காட்டிய ஒரே காரணத்துக்காக உதறிவிட்டு வந்தார்கள். பெரிய அலை எழும்பியது. அது உடைவதற்கு முன்னாலேயே அவர்கள் அதன் மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள். பின்னால் அது பாறையில் மோதிய சத்தம் என் பல்லில் அதிர்ந்தது. விளிம்பு இருந்த இடம் முழுக்க வெள்ளை, இரண்டு ஆள் உயரத்துக்கு. அவர்களுடைய கயாக் அதில் மாட்டி அடிப்பக்கம் பிளந்துபோனது. கோலும் போனது, மீனும் போனது.

அவர்கள் நீந்தி வந்து என் கயாக்கின் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்தார்கள். உள்ளங்கை இரண்டும் சிராய்ப்பு, முட்டியில் ரத்தம். மூச்சு வாங்கிக்கொண்டே கணவரைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்: "ஏனுங்க, எந்தத் தறிங்க?"

விளையாட்டுக்குக் கேட்டார்களா, நிஜமாகவே கேட்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சென்னியப்பன் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், கடல் தண்ணீர் பட்டதில் யாருக்கும் தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் காயங்களைக் கழுவி மருந்து போட்டோம். மற்ற ஆட்களும் குடாவில் இருந்து வந்துவிட்டார்கள். எனக்கு இரண்டு வழி இருந்தது. அம்மா தவறி விழுந்தார்கள், நான் சமயோசிதமாகக் காப்பாற்றினேன் என்று சொல்லிவிடலாம். யாரும் மறுக்கப்போவதில்லை. வேலையும் போகாது, பெயரும் வரும். ஆனால் அந்தம்மாவின் உள்ளங்கையைப் பார்த்த பிறகு என்னால் அது முடியவில்லை. எல்லாரையும் உட்கார வைத்து, துளசிமணியம்மாவுக்கு நேரே நின்று, உதடு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எனக்கும் இதே மாதிரி நடந்தது. பாறையை நோக்கி நீந்தக்கூடாது என்று எனக்குத் தெரியும். வெட்கத்துக்குப் பயந்து உங்களிடம் சொல்லாமல் மறைத்தேன். டூவீலரில் விழுந்தது பொய். உங்களுக்குக் காது கேட்காது என்பதையும் பார்த்துவிட்டு விசாரிக்காமல் விட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

துளசிமணியம்மா என் காலைக் கை காட்டினார்கள்.

"அந்தக் காயத்தக் காட்டுங்க பாக்கலாம்."

கரையில் மாற்றிக் கட்டியிருந்த வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கித் தழும்பைக் காட்டினேன். குனிந்து நன்றாகப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் ஆறிப்போச்சுங்களே. அப்பறம் எதுக்கு இத்தன வருசம் மூடி வெச்சிருந்தீங்க? இத மொதல்லயே காட்டியிருந்தா நான் அந்தப் பக்கம் திரும்பியே இருக்க மாட்டனுங்க." திட்டு அவ்வளவுதான். பிறகு கேட்டார்கள்: "நாளைக்கு எத்தன மணிக்குங்க கெளம்பறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாளைக்குங்களா? கை இப்படி இருக்குதுங்களே, அம்மணி."

"கை ஆறிப்போகுமுங்க. இன்னைக்குப் பயந்து ஊட்டுக்குப் போனா அப்பறம் எங்கப்பனூட்டுக் கெணத்துலயே எறங்க மாட்டனுங்க. மீனு உடுங்க. மொதல்ல உழுந்து பழகோணும். வாயில சொன்னா நாங்க எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கன்னுதான் சொல்லுவோம். தண்ணில தள்ளிப் பாருங்க, அப்பத்தான் தெரியும்."

உங்களுக்குக் கொடுத்திருக்கிற பயிற்சித் தாளில் முதல் வரி என்ன என்று பாருங்கள். "மீன் பிடிக்கும் முன் எல்லோரையும் ஒருமுறை குதிக்க வைத்து, பாறைக்கு முதுகைக் காட்டி வெளிப்பக்கம் நீந்த வைக்கவும்." அதைக் கம்பெனி எழுதியது என்று நினைத்திருப்பீர்கள். துளசிமணியம்மா எழுத வைத்தது. அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை கூட்டிப்போன ஆட்களில், மீன் பிடிக்கும்போது தவறி விழுந்த ஒருவர்கூடப் பாறையை நோக்கி நீந்தவில்லை. எத்தனையோ பேர் விழுந்தார்கள். எல்லாரும் கடலை நோக்கித்தான் வந்தார்கள். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். இந்த வேலையில் நான் பெருமைப்பட இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று குழம்ப வேண்டாம். உங்கள் தவறைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விதியைச் சொன்னால் தலையாட்டுவார்கள், தழும்பைக் காட்டினால் கேட்பார்கள். இன்னும் தழும்பு இல்லை என்றால் என்னுடையதைச் சொல்லிக்கொள்ளுங்கள், தாராளமாகத் தருகிறேன். "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். ஆபத்து வந்தால், அந்த ஆளிடம் யார் சொன்னால் எட்டும் என்று பாருங்கள். அது பெரும்பாலும் நீங்களாக இருக்காது. நான் மூட்டை என்று எடை போட்ட மனுஷன்தான் அன்றைக்கு ஓர் உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை நண்டுப்பாறைக்கு வெளியே, அலை உடையாத ஆழத்தில் கயாக்குகளை நிறுத்தினோம். அந்த மீனவரும் வந்திருந்தார். துளசிமணியம்மா உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தார்கள். மேலே வந்ததும் கண் தானாகப் பாறைப் பக்கம் போனது, நான் பார்த்தேன். ஒரு நொடி அப்படியே நின்றார்கள். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நீந்தினார்கள். அடுத்து ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கிணற்றுக்காரர்கள் அத்தனை பேரும் முதல் தடவை பாறைப் பக்கம் ஓர் அடியாவது போய்விட்டுத்தான் திரும்பினார்கள்.

கடைசியில் சென்னியப்பன். அவரை யாரும் குதிக்கச் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். அவர் மனைவியை ஒரு தடவை பார்த்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டார், தொப்பென்று குதித்தார். ஜாக்கெட் தூக்கிவிட மேலே வந்தார், இருமினார், மல்லாந்து படுத்தார், பாறையை ஏறெடுத்தும் பார்க்காமல் காலை உதைத்துக்கொண்டு நேராகக் கடல் பக்கம் போனார். மறப்பதற்கு அவரிடம் பழைய பாடம் எதுவும் இல்லை. அங்கிருந்த எல்லாரையும்விட ஒழுங்காகச் செய்தது அவர்தான். "ஆளு பொறந்ததே கடல்லதான் போல" என்றார் அந்த மீனவர். அவர் ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒன்பது மணி வாக்கில் துளசிமணியம்மா கலவாவைப் பிடித்தார்கள். இந்தத் தடவை கயாக்கைத் தள்ளி நிறுத்தி, சாயாமல், கால் மணி நேரம் போராடி, தன் கையாலேயே மேலே ஏற்றினார்கள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய மீன். மடியில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் உப்பும் சிரிப்புமாக, கரைக்குப் போகலாம் என்றார்கள். எல்லாரும் துடுப்பை எடுத்தோம். சென்னியப்பனின் கயாக் மட்டும் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் நூறடி தள்ளித் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார்.

"ஏனுங்க, கெளம்பலாமுங்க" என்று அம்மா குரல் கொடுத்தார்கள்.

அவர் தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "நீங்கெல்லாம் முன்னால போங்க. நான் இன்னும் ஒருக்கா குதிச்சுப்போட்டு வாரேன்."